கேசரித் தட்டை யார் தொடவில்லை? கதை சொல்லும் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பின் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு படம், அதில் ஒரு கதை. நடந்ததைப் போய் எடுக்கக் கூடாது. ஆள், இடம், பொருள், வெளிச்சம் எல்லாவற்றையும் நாமே அமைத்து எடுக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் மறுநாளே முடித்துவிட்டார்கள். உடைந்த கண்ணாடி, கவிழ்ந்த பாட்டில், முழங்காலில் முகம் புதைத்த பெண், சங்கிலி கட்டிய கை. என் படமும் அந்த ரகம்தான். பார்த்த உடனே எல்லாம் புரிந்துவிட்டது, அதனால் இரண்டாவது தடவை பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த மூன்று வாரத்தில் நான் தட்டுத் தடுமாறிக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். கையில் கேமராவோ ஓரளவு நல்ல போனோ இருந்தால் போதும்.

இது ஒன்றும் புது வித்தை இல்லை. புகைப்படம் பிறந்த சூட்டோடு பிறந்தது. 1840-ல் ஹிப்போலிட் பயார் என்ற பிரெஞ்சுக்காரர், தண்ணீரில் மூழ்கிச் செத்தவனாகத் தன்னையே படம் எடுத்துக்கொண்டார். புகைப்படம் கண்டுபிடித்த பெருமை முழுவதும் இன்னொரு பிரெஞ்சுக்காரரான டாகேருக்குப் போய்விட்ட கோபம். படத்தின் பின்பக்கத்தில் தன் சாவுக்கு அரசாங்கத்தைக் கிண்டல் செய்து ஒரு குறிப்பும் எழுதினார். ஒரு படத்துக்குப் பல நிமிடம் அசையாமல் இருக்க வேண்டிய காலம் அது. கண்ணை மூடிய பிணமாக நடித்தது தொழில்நுட்ப ரீதியாகவும் சௌகரியம் என்று எனக்குத் தோன்றும்.

கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் 48 வயதில்தான் முதல் கேமராவைத் தொட்டார். வீட்டு வேலைக்கு இருந்த பெண்ணை மாதாவாகவும், வெண்தாடிக் கணவரை மந்திரவாதி மெர்லினாகவும் நிற்க வைத்துப் படம் எடுத்தவர். 1875-ல் இலங்கைக்குக் குடிபோய், அங்கேயும் தன்னைச் சுற்றி இருந்த தொழிலாளர்களை எடுத்தார். 1879-ல் இறந்தார்; கல்லறை மலையகத்தில், போகவந்தலாவையில் இருக்கிறது. நடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் அவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ஒரே ஒரு படத்தைப் பிரித்துப் பாருங்கள்

இன்ஸ்பிரேஷன் என்ற பெயரில் பின்ட்ரெஸ்டில் இருநூறு படம் சேர்ப்பது வேலைக்கு ஆகாது. ஒரே படத்தை எடுத்துக்கொண்டு அதோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதலில் கிரிகரி க்ரூட்சனிடம் போகாதீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சின்ன ஊர்களில், சினிமா அளவுக்கு ஆள், விளக்கு, மழை எல்லாம் வைத்து ஒரே ஒரு ஸ்டில் எடுப்பவர். அற்புதம்தான். ஆனால் பார்த்து முடித்ததும் ‘எனக்கு ஜெனரேட்டர் இல்லையே’ என்று மனசு உட்கார்ந்துவிடும்.

அதற்குப் பதில் பிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1978-ல், யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது எடுத்த ‘மரியோ’ படத்தைத் தேடிப் பாருங்கள். ராத்திரி, சமையலறை, திறந்த ஃபிரிட்ஜ். உள்ளே பார்த்தபடி ஒருவர் நிற்கிறார். மரியோ டிகோர்சியாவின் சகோதரர்தான். ஃபிரிட்ஜ் வெளிச்சம் மாதிரி முகத்தில் விழுவது, ஃபிரிட்ஜுக்குள் ஒளித்து வைத்த ஃபிளாஷ். அவ்வளவுதான் செலவு. எல்லா வீட்டிலும் எல்லா ராத்திரியும் நடப்பதுதான் இது. ஆனாலும் அந்த ஆள் சாப்பிட ஏதாவது தேடுகிறாரா, இல்லை தூக்கம் வராமல் சும்மா நிற்கிறாரா என்று நாம் யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

இன்னொன்று, அமெரிக்கப் புகைப்படக்காரர் கேரி மே வீம்ஸின் சமையலறை மேசைத் தொடர், 1990. 20 படம், கூடவே எழுத்துப் பலகை 14. அத்தனையும் ஒரே மேசை, மேலே தொங்கும் ஒரே விளக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் வீம்ஸே உட்கார்ந்திருப்பார். ஒரு படத்தில் ஆண் ஒருவர், ஒன்றில் தோழிகள், ஒன்றில் அம்மாவும் சிறுமியும் ஆளுக்கொரு கண்ணாடி வைத்து லிப்ஸ்டிக் போடுகிறார்கள், கடைசிப் பக்கம் வரவரத் தனியாகச் சீட்டு. கேமராவும் மேசையும் அசையாததால், சுற்றி மாறுவது மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

பிரித்துப் பார்ப்பது எப்படி? நோட்டில் அந்தப் படத்தைக் குச்சி மனிதர்களாக வரைந்துகொள்ளுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அம்பு போடுங்கள். நிழல் விழும் பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். படத்தில் இருக்கும் பொருள்களை எண்ணி எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு பொருளையும் விரலால் மறைத்துப் பாருங்கள். எதை மறைத்தால் கதை செத்துப்போகிறதோ அதுதான் அச்சாணி. மரியோ படத்தில் அது வெளிச்சம். கடைசியாக, படம் சொல்லாமல் விட்டது என்ன என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரியைத்தான்.

காப்பியா, கடனா?

டாம் ஹன்டர் என்ற புகைப்படக்காரரின் கதை இதற்கு நல்ல பதில். லண்டனின் ஹேக்னி பகுதியில், ஆளில்லாமல் கிடந்த வீடுகளில் குடியேறி வாழ்ந்தவர்களில் அவரும் ஒருவர். காலி செய்யச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தது. பெயர் தெரியாததால் ‘அறியப்படாத நபர்கள்’ என்று போட்டிருந்தார்கள். ஹன்டர் அப்போது கலைக் கல்லூரி மாணவர். பக்கத்து வீட்டுப் பெண்ணை ஜன்னல் ஓரமாக நிறுத்தி, கையில் அந்த உத்தரவைக் கொடுத்து, 1997-ல் ஒரு படம் எடுத்தார். டச்சு ஓவியர் வெர்மீர் 17-ஆம் நூற்றாண்டில் வரைந்த, ஜன்னலருகே கடிதம் படிக்கும் பெண்ணின் ஓவியம்தான் அதற்கு மாதிரி. அதே ஜன்னல் வெளிச்சம், அதே பக்கவாட்டு முகம். ஓவியத்தில் பழத்தட்டு இருக்கும் இடத்தில் இவர் ஒரு கைக்குழந்தையைப் படுக்க வைத்தார். காதல் கடிதம் இருந்த இடத்தில் வீட்டைக் காலி செய்யும் தாள்.

இதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. ஏனென்றால் அவர் மாற்றியது இரண்டே பொருள், அந்த இரண்டும் அவர் வாழ்க்கையிலிருந்து வந்தவை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெர்மீர் ஓவியத்தில் பெண்ணுக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரை எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தோம். அது வேறு யாரோ பின்னாளில் பூசிய பெயின்ட் என்று தெரியவந்து, ஜெர்மனியின் டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் அதைச் சுரண்டி எடுத்தார்கள். 2021-ல் பார்த்தால் சுவரில் பெரிய மன்மதன் படம் நிற்கிறது. ஆக, ஹன்டர் கடன் வாங்கிய அந்தச் சுவர் வெர்மீருடையதே இல்லை.

நமக்குப் பக்கத்தில் பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா இருக்கிறார். கிளேர் ஆர்னி என்ற புகைப்படக்காரரோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்களின் பிம்பங்களைத் திரும்ப நடித்து எடுத்த தொடர் அவருடையது. ரவிவர்மாவின் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, தோடர் பெண் என்று எல்லா வேடமும் அவரே. பின்திரையின் ஓரம் தெரிகிற மாதிரியும் சில சமயம் விட்டுவிடுவார், ‘இது செட்தான், தெரிந்தே பாருங்கள்’ என்பதுபோல. சின்ன வயதில் ஸ்டுடியோவில் பூந்தோட்டத் திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்த விளையாட்டு உடனே புரியும்.

கதையை ஒரு வரியில் எழுதுங்கள், நடுவை வெட்டுங்கள்

இனி என் படத்தையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். வீம்ஸின் மேசையைப் பார்த்துப் பார்த்து, எங்கள் வீடுகளில் எல்லாம் நடக்கும் இடம் எது என்று யோசித்தேன். சாப்பாட்டு மேசை இல்லை, ஹால்தான். ஹாலில் நடப்பதில் பெரிய நாடகம் எது? பெண் பார்க்கும் படலம்.

முதலில் எழுதிய வரி: ‘பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு பெண் தலைகுனிந்து காபி கொடுக்கிறாள்.’ இதை ஆயிரம் சினிமாவில் பார்த்தாயிற்று. எங்கள் ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். வரியை அப்படியே விட்டுவிட்டு, ‘இதற்கு அரை மணி முன்னால் என்ன, அரை மணி கழித்து என்ன, இரண்டையும் எழுது’ என்றார். பின்னது இப்படி வந்தது: ‘வந்தவர்கள் போய்விட்டார்கள். பட்டுப்புடவையோடு அவள் ஹாலில் தனியாக இருக்கிறாள். ஒரு தட்டில் கேசரி தொடப்படாமல் இருக்கிறது.’

நிகழ்ச்சியை எடுக்காமல் அதன் முந்தைய நிமிடத்தையோ பிந்தைய நிமிடத்தையோ எடுப்பது, இந்த வகைப் படத்தில் நான் கற்றதில் உருப்படியான பாடம். ஸ்டில்லில் அசைவு கிடையாது. உச்சக்கட்டத்தை உறைய வைத்தால் போஸ்டர் ஆகிவிடும். பின்நிமிடத்தை வைத்தால் பார்ப்பவர் தானாகப் பின்னால் ஓட்டிப் பார்ப்பார்.

உங்கள் வரியில் ‘சமூகம்’, ‘பெண் அடிமைத்தனம்’, ‘தனிமை’ மாதிரி வார்த்தை இருந்தால் அடித்துவிடுங்கள். கேமராவால் அதை எடுக்க முடியாது. கேசரியை எடுக்க முடியும்.

இடமும் பொருளும்

சொந்தக்காரர் வீடுதான் நல்ல செட். ஏற்கெனவே வாழ்ந்த தடம் இருக்கும்: காலண்டர், சுவிட்ச்போர்டைச் சுற்றிய அழுக்கு, சோபா கையில் எண்ணெய்க் கறை. நான் மேற்கு மாம்பலத்தில் பெரியம்மா வீட்டு ஹாலைக் கேட்டேன். நடிக்க அவருடைய மகள், எனக்கு அக்கா. நிஜமாகவே இரண்டு முறை அந்தப் படலத்தில் உட்கார்ந்தவள் என்பதால் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எதையும் நகர்த்துவதற்கு முன்னால் அறையை நாலு மூலையிலிருந்தும் போனில் எடுத்து வையுங்கள். திரும்ப அடுக்கும்போது உதவும். பிறகு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபிரேமை முடிவு செய்துவிட்டு, அதற்குள் வருவதை மட்டும் அடுக்குங்கள். நான் முதல் நாள் வீடு முழுக்க ஒழுங்கு பண்ணி முதுகு ஒடிந்தேன். கேமரா பார்த்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பொருள் சரியா என்று பார்க்க, அந்த வாழ்க்கையை வாழ்ந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நான் அடுக்கி வைத்ததைப் பெரியம்மா வந்து பார்த்தார்.

“மாப்பிள்ளைத் தட்டுல ஸ்பூன் வைக்காமயா குடுப்பாங்க? அப்புறம் எல்லா டம்ளரும் ஒரே மாதிரி இருக்கே. நம்ம வீட்ல ஏது ஆறு டம்ளர் ஒரே செட்டு?”

நான்கு வெள்ளி நிற டம்ளர், இரண்டு பழைய பித்தளை டபரா செட் என்று மாற்றினோம். அந்தக் குடும்பத்தின் வசதி எவ்வளவு என்பது அந்த ஒரு மாற்றத்தில் வந்துவிட்டது. ஆறில் ஐந்து காலி, ஒன்றில் முக்கால் காபி, மேலே ஆடை படிந்து.

நடிப்பவருக்கு உணர்ச்சி சொல்லாதீர்கள், வேலை சொல்லுங்கள்

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ‘அக்கா, கொஞ்சம் சோகமா இரு’ என்றேன். உடனே புருவம் சுருங்கியது, உதடு பிதுங்கியது, சீரியல் வந்துவிட்டது. ‘ரொம்ப இல்லை, லேசா’ என்றால் லேசான சீரியல். இருபது படம் வீண்.

பெரியம்மாதான் திரும்பக் காப்பாற்றினார். “வந்தவங்க வாசல் தாண்டினதும் இவ முதல்ல என்ன பண்ணுவா தெரியுமா? ஜிமிக்கியைக் கழட்டுவா. காது வலிக்கும் அவளுக்கு.”

அதையே செய்யச் சொன்னேன். ஒரு காதில் ஜிமிக்கி இருக்கிறது. இன்னொன்று ஏற்கெனவே டீப்பாயில், கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கை இரண்டாவது காதை நோக்கிப் போகிறது, பாதி வழியில் நிற்கிறது. கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: ‘வாசலில் எத்தனை செருப்பு இருக்கு, எண்ணு.’ முகம் தானாக வெறுமை ஆனது. சோகமா, நிம்மதியா, அலுப்பா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதுதான் வேண்டியிருந்தது.

பாதியில் நிற்கும் செயல், எண்ணும் கண், மூச்சை வெளியே விட்ட கணம். இவை மூன்றும் எந்த நடிகர் அல்லாதவரிடமும் வேலை செய்யும். அவரைச் செயலை முதலிலிருந்து மெதுவாகத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி, நடுவில் ‘அப்படியே’ என்று நிறுத்துங்கள். கையை நீங்களே தூக்கி வைத்தால் பொம்மைக் கை மாதிரி தெரியும்.

வெளிச்சம்

முதல் காரியம், டியூப்லைட்டை அணையுங்கள். மேலிருந்து எல்லாவற்றின் மேலும் சமமாகக் கொட்டும் வெளிச்சத்தில் எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் கேள்வி: இந்தக் காட்சியில் வெளிச்சம் நியாயமாக எங்கிருந்து வரும்? ஜன்னலா, டிவியா, பூஜை அறையா, திறந்த கதவா? ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது மட்டுமே முக்கிய வெளிச்சமாக இருக்கட்டும். நாங்கள் வாசல் கதவு என்று முடிவு செய்தோம், போனவர்கள் போன வழி அது. கதவுக்கு வெளியே ஒரு 9 வாட் எல்இடி பல்பை ஹோல்டரில் போட்டு, துடைப்பக் குச்சியில் கட்டி நிறுத்தினோம். முன்னால் பெரியப்பாவின் வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டோம். வேட்டி வழியாக வரும் வெளிச்சம் அவ்வளவு மென்மை, விளக்கு வெளிச்சத்தை மென்மையாக்க ஆயிரக்கணக்கில் விற்கும் சாஃப்ட்பாக்ஸுக்கு ஒன்றும் குறைந்ததில்லை. பல்பு துணியைத் தொடக்கூடாது. ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். முகத்தின் இருட்டுப் பக்கத்தில் ஒரு தெர்மாகோல் அட்டையை ஃபிரேமுக்கு வெளியே பிடித்தால் நிழலின் இருட்டு கொஞ்சம் குறையும். அட்டையை இரண்டடி நகர்த்தினாலே முகத்தின் குணம் மாறுவதைப் பார்க்கலாம்.

பல்பு வாங்கும்போது உறையைப் படியுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் போட்டிருப்பார்கள். ‘வார்ம் ஒயிட்’ என்றால் 3000 கெல்வின் பக்கம், மஞ்சள் சாயல். ‘கூல் டேலைட்’ என்றால் 6500, நீலச் சாயல். இரண்டையும் தெரியாமல் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம் ஆகிவிடும். தெரிந்து கலந்தால் அழகு: உள்ளே மஞ்சள், ஜன்னலுக்கு வெளியே அந்தி நீலம். க்ரூட்சன் படங்களின் மயக்கம் பாதி அதுதான். ஆனால் நம் ஊரில் அந்தி காத்திருக்காது. சூரியன் மறைந்து 20, 25 நிமிடத்தில் இருட்டிவிடும். எல்லாவற்றையும் நாலரைக்கே அடுக்கி, ஒத்திகை பார்த்துவிட்டு உட்கார்ந்திருங்கள்.

கேமரா

இதில் சொல்ல அதிகம் இல்லை. ஸ்டாண்ட் கட்டாயம். என் படம் எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 800 (வெளிச்சத்தை உணரும் திறன்), ஷட்டர் திறந்திருந்தது கால் விநாடி. அந்தக் கால் விநாடி அக்கா அசையக் கூடாது, அவ்வளவே. மலிவான எல்இடி கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/50 அல்லது அதைவிட மெதுவாக வைத்தால் அந்தத் தொல்லை வராது. போன் என்றால் பியூட்டி மோடை அணைத்துவிட்டு, முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். டைமர் வைத்து எடுங்கள். அகலமாகக் காட்டும் அல்ட்ரா வைட் லென்ஸ் வேண்டாம், சுவர் சாய்ந்து நிற்கும்.

கேமரா உயரத்தை மட்டும் யோசித்து வையுங்கள். நின்றபடி எடுத்தால் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் குனிந்து பார்க்கிறோம். அது வந்தவர்கள் பார்த்த பார்வை. அவள் கண் உயரத்துக்கு இறக்கியதும் படம் அவள் பக்கம் வந்துவிட்டது.

எடுத்த பிறகு

அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். பட்ட கஷ்டம் நினைவில் இருக்கும்வரை எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரியும். மூன்று நாள் கழித்து, கதை தெரியாத இருவரிடம் காட்டி, ‘என்ன நடந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. இருவரும் ஒரே பதில் சொன்னால் படம் ரொம்ப வெளிப்படை. இருவருக்கும் ஒன்றுமே தோன்றாவிட்டால் ரொம்ப மூடல். என் படத்துக்கு ஒரு தோழி, ‘மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, கேசரியைத் தொடவே இல்லை’ என்றாள். இன்னொருவன், ‘அது அவளுடைய தட்டு. அவளுக்குத்தான் பிடிக்கவில்லை’ என்றான். அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் சேர்த்த தலைப்பை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

மதிப்பெண்ணுக்காகச் செய்கிறவர்கள் வேலை நோட்டில் தோற்ற படங்களையும் ஒட்டுங்கள். அந்த இருபது சீரியல் முகங்கள்தான் ஜிமிக்கி எப்படி வந்தது என்பதைக் காட்டும். யாரிடமிருந்து கடன் வாங்கினீர்கள், எதை மாற்றினீர்கள், ஏன் என்று மூன்று வரி எழுதினால் போதும். ‘எனக்கு மிகவும் பிடித்திருந்தது’ என்பது காரணம் ஆகாது.

நேர்மை பற்றி ஒன்று. செட் போட்ட படம் என்று குறிப்பு இல்லாமல் வாட்ஸ்ஆப்பில் விட்டால், அது நாளைக்கே யாரோ ஒரு பெண்ணின் ‘உண்மைச் சம்பவம்’ ஆகி வேறு வாசகத்தோடு திரும்பி வரும். அடியில் எழுதிவிடுங்கள். நடித்தவரிடம் எங்கெல்லாம் காட்டப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வெளியாள் நடித்தால் அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள். டிகோர்சியா 90-களின் தொடக்கத்தில் ஹாலிவுட் தெருக்களில் உடலை விற்றுப் பிழைத்த ஆண்களை எடுத்த தொடரில், ஒவ்வொருவர் பெயர், வயது, ஊரோடு, அவருக்குக் கொடுத்த தொகையையும் படத்தலைப்பிலேயே போட்டார். பலருக்கு அது உறுத்தியது, உறுத்தட்டும் என்றுதான் போட்டிருப்பார்.

கடைசியாக, முதலில் போனில் எடுத்து வைத்த அந்த நாலு மூலைப் படங்களைத் திறந்து, வீட்டை இருந்தபடி அடுக்கிக் கொடுங்கள். நாங்கள் சோபாவைத் தள்ளி, காலண்டரை மாட்டி, பாத்திரம் எல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். மூன்று மணி நேரத்தில் நெய் உறைந்து கல்லாகிப்போன கேசரியை அக்காவே சூடு பண்ணிச் சாப்பிட்டாள். ஒரு டபரா மட்டும் குறைகிறது என்று பெரியம்மா இன்றைக்கும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.